வைப்பு ரசீது

தேர்தல் அறிவித்த மறுநாள்
வாலிநோக்கம் காவல் நிலையத்துக்குத்
துப்பாக்கிகள் வர ஆரம்பித்தன.
சாக்கில் சுற்றி, பழஞ்சேலையில் சுற்றி,
ஒன்று மட்டும் தூங்கும் பிள்ளைபோல் தோளில் சாய்ந்து
பேருந்தில் டிக்கெட் எடுக்காமல்.

நான் ரைட்டர்.
எண், ரகம், தோட்டா இருப்பு,
உரிமம் முடியும் நாள்.

நாகூர் கனியின் ஒற்றைக்குழல்
கடலைக் கொல்லையில் பன்றிக்கு.
"பன்னியச் சுட்டதில்ல சார்.
வானத்தச் சுடுவேன், அதுக்குப் புரிஞ்சிரும்."
வானம் என்று எழுதக் கட்டமில்லை.

உப்பள முதலாளி உடையணசாமி
கார் டிக்கியைத் திறந்தார்.
அப்பா வாங்கிய மூன்று எழுபத்தைந்து.
சுட்ட ஒவ்வொன்றுக்கும் கட்டையில் ஒரு கீறல்.
தடவி எண்ணினேன்: பதினொன்று.
மேகமலைக் காட்டெருமையின் தலை
இன்னும் கூடத்தில் தொங்குகிறதாம்.
காதுகளை அந்து தின்றுவிட்டது.
கண்ணாடிக் கண் ஒன்று விழுந்து உடைய
பேரன் தன் கோலிக்குண்டைக் கொடுத்தானாம்.
"பச்சைக் கோலி.
ஒரு கண்ணு என்னப் பாக்குது,
ஒரு கண்ணு கடலப் பாக்குது."
தோட்டா இருப்பு மூன்று.
குழலில் ஊதிப் பார்த்தேன்,
துரு வந்து உதட்டில் கரித்தது.

கடைசியாக ஜெனோவா,
விசைப்படகு ராயப்பன் மகள்.
நீளப்பெட்டி, பஞ்சு,
பஞ்சுக்குள் இருபத்திரண்டு.
ஐம்பது மீட்டர், படுத்துச் சுடுவது,
பன்னிரண்டாம் தேதி திருச்சியில் போட்டி,
விலக்குக் கடிதம் கலெக்டர் ஆபீஸில்.
கடிதம் வரட்டும் என்றேன்.
மையம் எவ்வளவு பெரிது?
"சுண்டைக்காய்."
எதையாவது சுட்டிருக்கிறாயா?
"காகிதம்."

மறுநாள் மாலை ஆறுக்கு வந்து நின்றாள்.
தோட்டா வேண்டாம், துப்பாக்கி மட்டும்,
அரைமணி நேரம், உங்கள் கண்முன்னால்.
சட்டத்தில் இடமுண்டா, தெரியாது.
இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்.

பெஞ்சை ஒதுக்கிப் பாய் விரித்தோம்.
எதிர்ச்சுவரில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன்.
படுத்தாள். கன்னத்தைக் கட்டையில் வைத்தாள்.
அப்புறம் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
அந்த ஒன்றும் நடக்காததுதான் பயிற்சி என்று
மூன்றாம் நாள் எனக்கு விளங்கியது.
மூச்சு பாதியில் நிற்கும்.
டிக்.
மறுபடி மூச்சு.

லாக்கப்பில் ஒருவன் இருந்தான்,
கழிமுகத்தில் மூன்று பூநாரையைச் சுட்டவன்.
கம்பியைப் பிடித்தபடி
அவனும் மூச்சை நிறுத்துவான்.
டிக்,
மூவரும் விடுவோம்.
ஒருநாள் கேட்டான்:
"விழுந்துச்சாம்மா?"
அவள் திரும்பவில்லை.
"இல்ல. எடது பக்கமாக் காத்து."
அறைக்குள் ஏது காற்று?
மின்விசிறி நின்று இரண்டு வாரம்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்:
கொடிக்கம்பத்துக் கயிறு
இடது பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

பதினோராம் தேதி கடிதம் வந்தது.
பெட்டியை மூடி
ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டாள்.

எண்ணிக்கை முடிந்தது. யாரோ ஜெயித்தார்கள்.
நாகூர் கனி விடிகாலையிலேயே வந்துவிட்டார்,
பன்றிகளுக்கு நடத்தை விதியெல்லாம் கிடையாதாம்.
உடையணசாமிக்கு இரண்டு நோட்டீஸ் அனுப்பினேன்.
போனில் சொன்னார்:
"அங்கயே இருக்கட்டும் ரைட்டர்,
இங்க உப்பு திங்குது."
இங்கேயும் அதே கடல்தான் சார் என்றேன்.
வைத்துவிட்டார்.

ஆயுத அறையில் அது தனியாக நிற்கிறது.
சனிக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் போடுகிறேன்.
கீறல்மேல் விரல் படாமல் துணியைச் சுற்றிக்கொள்கிறேன்.

திருச்சியில் அவள் இருபத்தேழாவதாம்.
அதைச் சொல்ல ஆறு மணிக்கு வந்தாள்,
காலி லாக்கப்பைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளையடிக்க வந்த பையன் சுவரைக் காட்டினான்:
"சார், இது ரத்தமா?"
மை என்றேன்.
இரண்டு கோட்டிங் அடித்தான்.
நாலாம் நாள் சுண்ணாம்பை மீறி
சிவப்பு மேலே வந்தது,
இடது பக்கமாகக் கொஞ்சம் பரவி.